மாநாட்டு வாரத்தில் கொழும்பு: ஊருக்குப் போகிறவர்களுக்கு

டிக்கெட் எடுத்து முடித்த பிறகுதான் பலருக்குத் தெரியவரும், தாங்கள் போய் இறங்குகிற வாரத்தில் கொழும்பில் பெரிய சர்வதேச மாநாடு என்று. அதற்காகப் பயணத்தை மாற்றத் தேவையில்லை. கொழும்புக்குள் போகத்தான் வேண்டுமா என்று மட்டும் முதலில் யோசியுங்கள். யாழ்ப்பாணமோ வவுனியாவோ போகிற நம்மவர்களில் பலர் வெள்ளவத்தையில் ஓரிரவு தங்குவது தேவையால் அல்ல, பழக்கத்தால்.

கட்டுநாயக்க விமான நிலையம் நகருக்கு வடக்கே, ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. நீங்கள் போகவேண்டிய திசையும் வடக்குத்தான். இறங்கியதும் நீர்கொழும்புக்குப் போய், ஒரு குளிப்பும் ஒரு நித்திரையும் போட்டுவிட்டு அங்கிருந்தே வெளிக்கிடலாம். கொழும்பு–யாழ்ப்பாணம் 87ஆம் இலக்க பஸ் புத்தளம், அனுராதபுரம் வழியாகத்தான் போகிறது. ஆசனம் பதியும்போதே நீர்கொழும்பில் ஏறுவோம் என்று சொல்லி, எந்தச் சந்தியில் நிற்பது என்று கேட்டு வையுங்கள். ரயில் இதற்கு உதவாது, அது பொல்காவலைப் பக்கமாகப் போய்விடும். சென்னை வழியாக வருகிறவர்களுக்கு இன்னும் சுகம்: அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கே விமானம் இருக்கிறது.

சரி, தூதரக அலுவல், காணி உறுதி, கலியாணம் என்று கொழும்பில் நிற்கத்தான் வேண்டும் என்றால், மாநாடு எந்தக் கோட்டில் நடக்கிறது என்று வரைபடத்தில் ஒருக்காப் பாருங்கள். 1976இல் அணிசேரா நாடுகள், 2008இல் சார்க், 2013இல் பொதுநலவாயம் என்று எல்லாருமே பௌத்தாலோக மாவத்தையிலுள்ள பண்டாரநாயக்க சர்வதேச மாநாட்டு மண்டபத்தில்தான் கூடினார்கள். தலைவர்கள் தங்குகிற பெரிய ஹோட்டல்கள் காலிமுகத்திடலைச் சுற்றி இருக்கின்றன. விமான நிலையம், ஹோட்டல், மண்டபம் ஆகிய இந்த மூன்றையும் இணைக்கிற வீதிகள்தான் மூடப்படும். மற்ற இடங்களில் சனம் வழக்கம்போல மரக்கறி வாங்கிக்கொண்டிருக்கும்.

பௌத்தாலோக மாவத்தை பம்பலப்பிட்டியில் காலி வீதியில் தொடங்கி, தும்முல்லைச் சந்தியைத் தாண்டிப் பொரளை கனத்தை மயானம் வரை போகிறது. நகரைக் குறுக்கே வெட்டுகிற வீதி என்பதால், அதை மறித்தால் வெள்ளவத்தையில் இருந்து பொரளை, மருதானைப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் மாட்டுப்படுவார்கள். பிரித்தானிய உயர்ஸ்தானிகராலயமும் இதே வீதியில்தான். அங்கே அலுவல் இருந்தால் மாநாட்டுக்கு முந்திய வாரமோ பிந்திய வாரமோ நாள் எடுங்கள்.

காலி வீதி இறுகிப்போனால் கடற்கரை ரயில் இருக்கிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டை என்று நிலையம் நிலையமாக நின்று போகும். தலைவர்களின் வாகனத் தொடர் தண்டவாளத்தில் ஓடாது என்பதுதான் இதன் பெரிய சிறப்பு. காலையில் கோட்டைப் பக்கமும் மாலையில் கல்கிசைப் பக்கமும் கந்தோர்ச் சனம் கதவில் தொங்கும், ஆகவே பெரிய பெட்டியோடு அந்த நேரத்தில் ஏறாதீர்கள். புறக்கோட்டையில் துணி எடுக்கப் போகிறவர்களுக்கு மாநாடு இல்லாத நாளிலும் இதுதான் நல்ல வழி.

விமான நிலையத்தில் இருந்து வெள்ளவத்தைக்கு வாகனம் பிடித்தால் அதிவேகப் பாதை பேலியகொடையில் கொண்டுவந்து விடும். (அந்தப் பாதையே 2013 பொதுநலவாய மாநாட்டுக்கு முந்திய மாதக் கடைசியில்தான் திறக்கப்பட்டது.) அங்கிருந்து கோட்டை, காலிமுகத்திடல் பக்கம் திரும்பாமல், பேஸ்லைன் வீதியால் தெமட்டகொடை, பொரளை, நாரஹேன்பிட்டி, கிருலப்பனை வந்து, பாமன்கடையால் இறங்கச் சொல்லுங்கள். கனத்தைச் சந்தியில் மறிக்கக்கூடும், ஆனாலும் காலி வீதியில் நிற்பதை விட இது மேல். போனில் வாகனம் கூப்பிடுகிற பிக்மீ, ஊபர் இரண்டும் கொழும்பில் ஓடுகின்றன. மூடிய வீதிகளை வரைபடம் உடனே காட்டும் என்று நம்பவேண்டாம். சாரதிமார் ஒருவரை ஒருவர் போனில் கேட்டுத்தான் ஓடுவார்கள், உங்கள் சாரதி சொல்கிற சுற்றுவழியைப் பொறுமையாகக் கேளுங்கள்.

வாகனத் தொடர் வருகிறபோது பொலிஸ்காரர் விசில் அடித்து எல்லாவற்றையும் ஓரத்தில் நிறுத்துவார். ஓட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா இருப்பார். நீங்களும் அப்படியே இருங்கள். இறங்கி வீதியைக் கடக்கவோ, போனை நீட்டி வீடியோ எடுக்கவோ வேண்டாம். கடைசி வாகனம் போய்விட்டது போலத் தெரிந்தாலும் இன்னொரு தொடர் பின்னால் வரலாம், பொலிஸ்காரர் கை காட்டும் வரை பொறுங்கள்.

சோதனைச் சாவடியில் கேட்டால் காட்டுவதற்குக் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் தேசிய அடையாள அட்டையையும் கொண்டுபோவது நல்லது. தங்கும் லொட்ஜின் விலாசத்தை சிங்களத்தில் எழுதி வாங்கிப் பையில் வைத்தால் பாதிக் கேள்வி குறையும். உறவினர் வீட்டில் நிற்பவர்கள் அந்த வீட்டுக்காரரின் பெயர், விலாசம், போன் இலக்கம் மூன்றையும் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ‘மாமா வீடு, கோயிலுக்குப் பின்னால’ என்றால் அங்கே எடுபடாது.

ஒரு விடயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். சுற்றுலா வீசாவில் வந்தால் செய்தியாளர் சந்திப்பு, கருத்தரங்கு என்று போய் மேடையில் அமராதீர்கள். 2013 நவம்பரில், பொதுநலவாய மாநாட்டை ஒட்டி, ஆஸ்திரேலிய செனட்டர் ஒருவரையும் நியூசிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரையும் இதே காரணத்தைச் சொல்லித்தான் குடிவரவு அதிகாரிகள் தடுத்து வைத்து விசாரித்தார்கள். எம்.பி.மாருக்கே அந்த நிலை. ட்ரோன் கொண்டுபோகிற யோசனையையும் விட்டுவிடுங்கள்.

மாநாடு கொழும்பில்தானே என்று ஊரில் இருப்பவர்களும் அசந்துவிட முடியாது. அந்த 2013இல் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் நவம்பர் 15ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கே வந்து நூலகத்துக்குப் போனார். அதே வாரம் வடக்கு நோக்கி ரயிலில் வந்த பிரித்தானியத் தொலைக்காட்சிக் குழு ஒன்றை அனுராதபுரத்தில் ஆர்ப்பாட்டக்காரர் மறித்தார்கள். மாநாட்டு நாட்களில் நீண்ட பயணம் வைத்தால் கையில் அரை நாள் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போதும் இதே கணக்குத்தான். விமானத்துக்கு முதல் நாளே நீர்கொழும்பிலோ சீதுவையிலோ வந்து தங்குங்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி இலக்கம் 1912. உள்ளூர் சிம் போட்டதும் மூன்றையும் போனில் பதிந்துவிடுங்கள்.