கனடாவில் படிப்பு முடித்தபின் வேலை அனுமதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனங்களில் படித்து முடிக்கும் வெளிநாட்டு மாணவர்கள், எந்த முதலாளியிடமும் வேலை செய்ய இடந்தரும் பிஜிடபிள்யூபி (Post-Graduation Work Permit) எனும் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இது வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்குத் தேவையான கனடிய வேலை அனுபவத்தைப் பெரும்பாலான மாணவர்கள் இந்த அனுமதியில்தான் சேர்க்கிறார்கள். ஆகவே இதில் நேரும் சிறு பிழைகூடப் பல ஆண்டு உழைப்பையும் வீட்டார் வாங்கிய கல்விக் கடனையும் சேர்த்தே பாதிக்கிறது.

மிகுதியாக நேரும் தவறு நாள் கணக்கில்தான். விண்ணப்பிக்க 180 நாள் அவகாசம் உண்டு என்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனால் படிப்பு முடிந்த 90 நாளில் படிப்பு அனுமதியே செல்லாததாகிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்த நாள்கள் பட்டமளிப்பு விழாவிலிருந்து எண்ணப்படுவதில்லை. இறுதி மதிப்பெண் பட்டியலோ படிப்பு முடிந்ததற்கான கடிதமோ, எது முதலில் வருகிறதோ அந்த நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன. ஒரு மாணவிக்கு ஏப்ரல் 28 அன்று இறுதி மதிப்பெண் வெளியானது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய படிப்பு அனுமதியில் டிசம்பர் 31 என்று அச்சிட்டிருந்தாலும் அது ஜூலை 27 வரைதான் செல்லும். அக்டோபர் 25 வரை நேரமிருக்கிறது என்று நம்பி அவர் செப்டம்பரில் விண்ணப்பித்தால், 180 நாள் கெடு தப்பினாலும் கனடாவில் சட்டப்படி தங்கும் அவருடைய தகுதிநிலை ஏற்கெனவே போயிருக்கும். அதை மீட்டுத் தரும்படியும் விண்ணப்பித்து, அதற்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். முடிவு வரும்வரை அவர் வேலை செய்யவும் முடியாது. மதிப்பெண் வந்த வாரத்திலேயே கடிதத்தைக் கேட்டு வாங்கி விண்ணப்பித்துவிடுவதே நல்லது.

வேலை நேரத்திலும் இதே கவனம் வேண்டும். படிக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் என்ற வரம்பைக் கடந்தவர்கள் விண்ணப்பம் மறுக்கப்படும் அபாயத்தில் இருக்கிறார்கள். படிப்பு முடிந்த நாளுக்கும் விண்ணப்பம் அனுப்பிய நாளுக்கும் இடைப்பட்ட நாள்களில் வேலையை நிறுத்திவைக்க வேண்டும். படிப்பு அனுமதி செல்லுபடியாக இருக்கும்போதே விண்ணப்பித்து, முன்பும் விதிப்படி வேலை செய்தவர்கள், விண்ணப்பித்த பிறகு முடிவு வரும்வரை முழுநேரமாகவே வேலை செய்யலாம்.

மொழித்தேர்வு 2024 நவம்பர் 1 முதல் கட்டாயமாகியிருக்கிறது. பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கு திறன்களிலும் சிஎல்பி எனும் கனடிய மொழித்திறன் அளவுகோலில் 7 நிலையும், கல்லூரிப் படிப்பு முடித்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிஎல்பி 5 நிலையும் வேண்டும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: சேர்க்கைக்காக எழுதிய ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் மதிப்பெண் இதற்கு ஏற்கப்படுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதுவதென்றால் ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெய்னிங், செல்பிப் ஜெனரல், பிடிஇ கோர் ஆகியவற்றில் ஒன்றைப் புதிதாக எழுத வேண்டும். முடிவு விண்ணப்பிக்கும் நாளில் இரண்டு ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். தேர்வுத் தேதி கிடைக்கத் தாமதமாகலாம் என்பதால், கடைசிப் பருவத்திலேயே எழுதி முடிப்பது உசிதம்.

பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளைத் தாண்டி வேலை அனுமதி வழங்கப்படாது. மூன்று ஆண்டுக்குத் தகுதியுள்ளவரின் பாஸ்போர்ட்டில் ஒன்றேகால் ஆண்டே மிச்சமிருந்தால் அவ்வளவுதான் கிடைக்கும். புதிய பாஸ்போர்ட் எடுத்து மீதிக் காலத்தைப் பின்னர் கேட்டுப் பெறலாம் என்றாலும், முன்னதாகவே புதுப்பித்துவிட்டால் அந்த அலைச்சல் இல்லை.

சில தவறுகள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே நடந்துவிடுகின்றன. எட்டு மாதச் சான்றிதழ் படிப்பை முடித்து, அதற்கே வேலை அனுமதி வாங்கிவிட்டால், பிறகு இரண்டாண்டுப் படிப்பு படித்தாலும் மறுபடி கிடைக்காது. அரசுக் கல்லூரியின் பெயரில் தனியார் கல்லூரி நடத்தும் பாடத்திட்ட உரிமப் படிப்புகளில் 2024 மே 15 முதல் தொடங்கியவர்களுக்குத் தகுதியே இல்லை. 2024 நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தவர்களில், இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டங்கள் அல்லாத டிப்ளமோ, சான்றிதழ் படிப்புகளில் சேர்ந்தவர்கள், அரசு வெளியிட்டுள்ள பட்டியலிலுள்ள துறையில்தான் படித்திருக்க வேண்டும். அந்தப் பட்டியல் மாறக்கூடியது என்பதால், கட்டணம் கட்டுமுன் அரசின் அதிகாரபூர்வத் தளத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்துவிடும் முகவர் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது. முதுநிலைப் பட்டத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: படிப்பு இரண்டாண்டுக்குக் குறைவாக இருந்தாலும், எட்டு மாதமாவது இருந்தால் மூன்று ஆண்டு அனுமதி பெறலாம்.

கடைசிப் பருவத்தைத் தவிர மற்றப் பருவங்களில் முழுநேர மாணவராக இருந்திருக்க வேண்டும். உடல்நலக் குறைவு போன்ற காரணத்தால் விடுப்பு எடுத்தவர்கள் கல்லூரியின் ஒப்புதல் கடிதத்தைப் பத்திரப்படுத்துவதோடு, அந்த விடுப்பு 150 நாளைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பத்தை நிரப்பும்போது, வேலை அனுமதிக் கட்டணத்தோடு எந்த முதலாளியிடமும் வேலை செய்ய விடும் திறந்த வேலை அனுமதிக்கான தனிக் கட்டணத்தையும் கட்ட மறக்கக் கூடாது. டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ போன்ற இடங்களில் தமிழிலேயே பேசி உதவும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகுமுன் உரிமம் பெற்றவர்தானா என்பதைக் குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரி எனும் உரிமம் வழங்கும் அமைப்பின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பார்க்க வேண்டும். யார் நிரப்பினாலும், அனுப்பிய படிவத்தின் நகலையும் கட்டண ரசீதையும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடிவு வருமுன் வேலை செய்யத் தகுதி உண்டா என்று முதலாளி கேட்டால் காட்ட அவை உதவும்.