துருப்பிடித்த மடக்கு நாற்காலிக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிப்பது எப்படி?

மொட்டை மாடியில் இரண்டு மழைக்காலம் நனைந்து கிடந்த இரும்பு மடக்கு நாற்காலியைப் பழைய இரும்புக்காரரிடம் போடப் போனேன். "கால் நல்லாத்தானே இருக்கு" என்று அம்மா தடுத்துவிட்டார். சரி, பெயின்ட் அடித்துப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

வாங்க வேண்டியவை: கம்பி பிரஷ், 80, 120, 220 நம்பர் உப்புத்தாள், ரெட் ஆக்சைடு பிரைமர் (பெயின்டுக்கு முன்னால் இரும்பில் அடிக்கும் அடிப்பூச்சு), எனாமல் பெயின்ட், டர்பன்டைன், ஒன்றரை அங்குல பிரஷ். மாஸ்க்கும் வேண்டும்.

1. சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காய வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

2. இனி தேய்ப்பு. பாதி வேலை இதுதான். பெயின்ட் உப்பியிருக்கும் இடத்தை நகத்தால் தட்டினால் ஓடு மாதிரி உடைந்து, அடியிலிருந்து பழுப்புப் பொடி கொட்டும். அதையெல்லாம் கம்பி பிரஷால் சுரண்டிவிட்டு 80, அப்புறம் 120 போட்டுத் தேய்க்க வேண்டும். கெட்டியாக ஒட்டியிருக்கும் பழைய பெயின்டை உரிக்க வேண்டாம். 220-ஆல் பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும். உரிந்த இடத்தின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். படி தட்டினால் இன்னும் தேய்க்கணும். கால்கள் மடங்கும் ரிவெட் இடுக்கில்தான் தண்ணீர் தேங்கும். முதல் தடவை அதைச் சோம்பலில் விட்டேன், சில மாதத்தில் அங்கிருந்தே மறுபடி உப்பியது. உப்புத்தாளைச் சின்னதாக மடித்து உள்ளே விடுங்கள்.

மிகப் பழைய பெயின்ட் என்றால் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்படிப்பட்டதைத் தண்ணீரில் நனைத்து, வாட்டர் பேப்பரால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, உடனே துடைத்துக் காய வையுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

3. டர்பன்டைன் துணியால் தூசியைத் துடைத்து, அது காய்ந்ததும் அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். வெறும் இரும்பை ராத்திரி முழுக்க விட்டால், அதுவும் கடலோர ஊரில், காலையில் மறுபடி செம்பழுப்பு படிந்திருக்கும்.

4. மறுநாள் பிரைமர் மேல் 220-ஆல் லேசாக ஒரு தடவு. துடைத்துவிட்டு எனாமல், மெல்லிசாக இரண்டு கோட், நடுவில் ஒரு ராத்திரி இடைவெளி. கெட்டியாக ஒரே கோட் அடித்தால் வழியும். உச்சி வெயிலில் அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து சுருங்கும்.

தொட்டால் ஒட்டவில்லையே என்று உடனே உட்கார்ந்துவிடாதீர்கள், மடக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் விடுங்கள். அம்மா மறுநாளே உட்கார்ந்துவிட்டார். புடவையில் அந்தப் பச்சைக் கோடு இன்னும் போகவில்லை.