தைப்பூசத்துக்குப் பினாங்கு வீட்டில் பன்னிரண்டு பேர் தங்க வந்தால்

தீபாவளிக்கு வரும் உறவினர் சாப்பிட வருகிறார்கள். தைப்பூசத்துக்கு ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வருகிறவர்களுக்கு முதலில் வேண்டியது குளியலறையும் படுக்க இடமும்தான். இதைக் கவனிக்காமல் தீபாவளிக் கணக்கிலேயே சமைத்துக் குவிப்பதால்தான், பூசத்துக்கு முந்தின நாள், முருகன் ரதம் புறப்படும் நாளன்று அண்டா நிறையச் சாம்பார் மிஞ்சுகிறது. விடியற்காலை மூன்று மணிக்குக் குளியலறை வாசலில் ஐந்து பேர் துண்டோடு நிற்கிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பே எல்லாருக்கும் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நாள் வருகிறீர்கள்? காவடியோ பால்குடமோ யார் எடுக்கிறார்கள், எத்தனை மணிக்கு? பூசத்துக்குப் பிறகு விரதத்தை முடிக்கும் இடும்பன் பூசை வரை இருப்பீர்களா? பதில்களை ஒரே தாளில் நேரவாரியாக எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்பது தெரிந்துவிட்டால், அரிசி எவ்வளவு, பாய் எத்தனை என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

குளியல்தான் முதல் சிக்கல். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலும் பன்னிரண்டு பேருக்கு ஒரு குளியலறையில் இரண்டு மணி நேரம். நேர்த்திக்கடன் உள்ளவர்கள் முதலில், துணைக்குப் போகிறவர்கள் அடுத்து, வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் முந்தின இரவே குளித்துவிட வேண்டும். பினாங்கில் இது மழை குறைந்த காலம். அடுக்குமாடியின் மேல்தளங்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் மெல்லிசாகத்தான் வரும். அந்த வேகத்தில் சுவரில் மாட்டிய ஹீட்டர் தானாகவே நின்றுவிடும். பழுது என்று நினைத்து அதைக் கழற்றாதீர்கள்; சமையலறைக் குழாயை மூடிப் பாருங்கள். வாளியில் மொண்டு குளித்தால் ஒருவருக்கு இருபது லிட்டர் போதும். அறுபது லிட்டர் தொட்டி இரண்டை முந்தின இரவு நிரப்பி மூடி வையுங்கள். மூடி முக்கியம்: ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் அளவுக்கு வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். விருந்தினர் போன பிறகும் தொட்டியை நிரப்பியே வைத்திருக்காதீர்கள்.

ஏடிஸ் கடிப்பது பகலில், அதிலும் காலையிலும் மாலையிலும். ரதத்தோடு இரவெல்லாம் நடந்தவர்கள் தூங்குவதும் அதே நேரத்தில்தான். கொசு மேட்டை ராத்திரி மட்டும் செருகும் பழக்கம் இந்த மூன்று நாளுக்கு உதவாது. படுக்கை அறை ஒன்றைப் 'பகல் தூக்க அறை' என்று ஒதுக்கி, தடித்த திரை, மின்விசிறி, கொசு மேட் வைத்துவிடுங்கள். தொலைக்காட்சிச் சத்தம் கேட்காத அறையாக இருக்கட்டும். மற்றவர்களுக்குக் கூடத்தில் டோட்டோ என்னும் மடக்கு மெத்தை விரித்தால் போதும். காவடி எடுப்பவர் பாயில்தான் படுப்பார். அவர் பாயையும் தட்டையும் குவளையையும் தனியாக எடுத்து வைத்து, எவை என்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். மாடி வீடாக இருந்தால் பெரியவர்களுக்குக் கீழ்த்தளம். தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு 513 படி ஏறி இறங்கிய அத்தையை மறுநாள் மாடிப்படி ஏறச் சொல்வது பாவம்.

இனிச் சமையல். ரதத்தன்று பகலில் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தலில் மோரும் சோறும் பீஹூன் என்னும் அரிசிச் சேமியாவும் கொடுக்கும்போது வீட்டுக்கு வந்து யார் சாப்பிடுவார்கள்? அன்று தேவை காலைப் பசியாறலும், கண்ட நேரத்தில் திரும்புகிறவர்களுக்குக் கையில் எடுத்துச் சாப்பிட ஏதாவது ஒன்றும்தான். அதற்குப் புளிச்சோற்றை விஞ்சியது இல்லை. ஒரு கிலோ அரிசிக்கு 100 கிராம் புளி, 150 மில்லி நல்லெண்ணெய் என்ற கணக்கில் புளிக்காய்ச்சலை ஒரு வாரம் முன்பே செய்யலாம். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சுண்ட வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் தண்ணீர் தங்கி நான்காம் நாளே பூசணம் பிடிக்கும். சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டுக் கிளறுங்கள். சூட்டோடு கிளறினால் குழையும்.

பன்னிரண்டு பேர் இட்லிக்கு ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். ஏறக்குறைய அறுபது இட்லி வரும். இங்குள்ள வெக்கைக்கு ஆறு, ஏழு மணி நேரத்திலேயே மாவு பொங்கிவிடும். சாயந்திரம் அரைத்துக் காலை வரை வெளியே விட்டால் புளிப்பேறும். இரவு படுக்குமுன் குளிர்பெட்டிக்குள் தள்ளிவிடுங்கள், அதுவும் பாதி நிரம்பிய பாத்திரத்தில். தேங்காய்ச் சட்னி வேண்டாம். காலை அரைத்தது பத்து மணிக்கெல்லாம் வாடை வீசும். இட்லிப் பொடியும் தக்காளிச் சட்னியும் நாள் முழுக்கத் தாங்கும்.

பூசத்தன்று பிற்பகலில்தான் உண்மையான சாப்பாடு. தலைக்கு 100 கிராம் அரிசி, பன்னிரண்டு பேருக்கு அரை கிலோ துவரம்பருப்பு, இரண்டு பொரியல், ரசம். அப்பளம் பொரிக்க ஒரு ஆளை முன்பே பிடித்து வையுங்கள். பூசணி, உருளை, கருணை நான்கு நாள் முன்பே வாங்கலாம். வெண்டையும் கீரையும் முந்தின நாள். சீனப் புத்தாண்டும் பக்கத்தில் வருவதால் காய்கறி விலை ஏறத்தான் செய்யும். வாழையிலையை ஈரத் துணியில் சுற்றி வைத்தால் இரண்டு நாள் நிற்கும். அசைவம் ஒளிந்து வரும் இடங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்: கடைச் சம்பலில் பெலாச்சான் என்னும் இறால் விழுது, காய்கறிப் பிரட்டலில் சிப்பி சாஸ், பிள்ளைகளுக்கு வாங்கும் மிட்டாயில் ஜெலட்டின், மஞ்சள் மீ நூடுல்ஸில் முட்டை. பால்குடப் பாலைக் கிளம்பும் நேரம் வரை குளிர்பெட்டியில் வைத்திருந்து கடைசியில் குடத்தில் ஊற்றினால் மலையேறும் வரை திரியாது. கேஸ் பாதிதான் இருக்கிறது என்றால் விடுமுறைக்கு முன்பே அடுத்த சிலிண்டரை வரவழையுங்கள்.

காரில் வருகிறவர்களுக்கு ஒரே பேச்சு: ரதத்தன்று தண்ணீர்மலை அருகே உள்ள ஜாலான் உத்தாமா பக்கம் வராதீர்கள். 2017 முதல் வெள்ளி ரதத்தோடு தங்க ரதமும் ஓடுவதால் நகரில் சாலைகள் நாள் முழுக்கத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கும். பட்டர்வொர்த் வரை இடிஎஸ் மின்சார ரயில், அங்கிருந்து பெர்ரி என்று வந்தால் நிம்மதி. ஆனால் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், விற்பனை திறந்ததும் எடுக்கச் சொல்லுங்கள். கார்தான் என்று பிடிவாதம் பிடித்தால் முந்தின இரவே வந்து நிறுத்திவிட வேண்டும். அடுத்த வீட்டுக்காரரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிறகு ஒரு பெட்டி முறுக்கும் கொடுங்கள்.

வாசலில் ஒரு பேசின், தண்ணீர்க் குழாய், பழைய துண்டு நான்கு. வெறுங்காலில் நடந்து தார், தேங்காய்த் தண்ணீர், மஞ்சள் எல்லாம் ஒட்டிய பாதங்களோடு வருவார்கள். காலில் ஒட்டிய தார்ப்பிசுக்குக்குச் சோப்பு உதவாது; சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடச் சொல்லுங்கள். படுக்கைக்குப் பழைய, கருநிற விரிப்புகள். மஞ்சள் பட்ட துணி சோப்பு பட்டதும் சிவந்துபோகும். பதற வேண்டாம், அலசி நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டால் வெளுத்துவிடும்.

இடும்பன் பூசைவரை தங்குகிற விரதக்காரர் அதுவரை அசைவம் தொடமாட்டார். மற்ற விருந்தினர் கிளம்பியதும் ஆட்டுக்கறி வாங்கிவிடாதீர்கள். சைவப் பாத்திரங்களும் குளிர்பெட்டியின் மேல்தட்டும் அவர் புறப்படும்வரை அப்படியே இருக்கட்டும்.