'இஸ்டாப்' என்று வாசிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலக் கூட்டொலி பழக்குவது எப்படி?

சுசீந்திரம் கோயில் மூலவரின் பெயரைச் சிலர் 'ஸ்தாணுமாலயன்' என்று எழுதுவார்கள். ஊர்ப் பேச்சில் அது தாணுமாலயன்தான். பிள்ளைக்குப் பெயர் வைத்தாலும் தாணு, தாணுலிங்கம். முன்னால் இருந்த ஸ் எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஸ்கந்தன் கந்தனானதும், ஸ்தலம் தலமானதும் இதே வழியில்தான். 'உயிர்மெய் அல்லன மொழிமுதல் ஆகா' என்கிறது தொல்காப்பியம். உயிர் ஏறாத மெய் சொல்லின் தொடக்கத்தில் நிற்காது. ஒரு மெய்யே நிற்காது என்றால் இரண்டு மெய் சேர்ந்து எப்படி நிற்கும்?

சாயங்காலம் எங்கள் வீட்டு வராந்தாவில் ஆங்கிலம் வாசிக்க வரும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் 'இஸ்டாப்', 'இஸ்கூல்', 'கிளாப்' என்றுதான் தொடங்குவார்கள். பெற்றோர் கவலைப்படுவார்கள், சிலர் அதட்டியும் பார்ப்பார்கள். அதட்ட ஒன்றுமே இல்லை. பிள்ளையின் வாய் தனக்குத் தெரிந்த இலக்கணப்படி நடக்கிறது. அந்த இலக்கணத்தைக் கையில் பிடித்துக்கொண்டே அடுத்த படிக்கு ஏற்றிவிடலாம். நான் செய்கிற முறையை அப்படியே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

இரண்டு மெய்யொலிகள் இடையில் உயிர் இல்லாமல் அடுத்தடுத்து வருவதை எழுத்தின் ஒலியைக் கொண்டு வாசிக்கப் பழக்கும் ஃபோனிக்ஸ் வகுப்பில் 'பிளெண்ட்' என்பார்கள். நாம் கூட்டொலி என்று வைத்துக்கொள்வோம். 'ஸ்டாப்' என்ற சொல்லில் ஸ், ட் இரண்டும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. 'ஷிப்' அப்படியல்ல. அதில் எஸ், ஹெச் என இரண்டு எழுத்துகள் இருந்தாலும் வருவது 'ஷ்' என்ற ஒரே ஒலி. அது கூட்டொலி ஆகாது. இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லிக் கொடுத்துக் குழப்ப வேண்டாம்.

பிள்ளை 'கேட்', 'பின்', 'சன்', 'டாப்', 'லிப்' போன்ற மூன்றெழுத்துச் சொற்களைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறதா என்று பாருங்கள். வாசிக்கவில்லை என்றால் கூட்டொலி இப்போது வேண்டாம். அந்த மூன்றெழுத்துச் சொற்களிலேயே இன்னும் சில வாரம் இருங்கள். அவசரப்பட்டால் பிள்ளை எழுத்தைப் பார்க்காமல் ஊகித்துச் சொல்லப் பழகிவிடும், பிறகு அதை மாற்றுவதுதான் பெரிய வேலை.

முதல் படி: புத்தகம் வேண்டாம், சிப்பி போதும்

கன்னியாகுமரி கடற்கரையில் வாங்கிய சின்னச் சிப்பிகள் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன். புளியங்கொட்டையும் போதும். தரையில் சாக்பீஸால் வரிசையாக ஐந்து கட்டம் போடுங்கள். நீங்கள் ஒரு சொல்லைச் சொல்ல, பிள்ளை அதை மெதுவாகச் சொல்லிக்கொண்டே ஒலிக்கு ஒரு சிப்பி வீதம் கட்டத்துக்குள் தள்ள வேண்டும். எல்கோனின் என்ற ரஷ்ய உளவியலாளரின் பெயரால் அறியப்படும் முறை இது.

'டாப்' என்றால் ட், ஆ, ப் என்று மூன்று சிப்பி. 'ஸ்டாப்' என்றால் ஸ், ட், ஆ, ப் என்று நான்கு.

போன மாதம் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி 'இஸ்டாப்' என்று சொல்லிக்கொண்டே தள்ளினாள். நான் திருத்தவில்லை. "மக்ளே, நான் சொன்னதுக்கு நாலு சிப்பி வச்சிருக்கேன். நீ சொன்னதுக்கு எத்தனை?" என்று மட்டும் கேட்டேன். இ-க்கு ஒன்று, ஸ்-க்கு ஒன்று என்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். கடைசியில் ஐந்தாவது கட்டத்தில் விரல் நின்றது. "ஒண்ணு கூடுது டீச்சர்" என்றாள். முதல் சிப்பியை அவளே எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு மறுபடி சொன்னாள். அன்றைக்கு ஸ் சுத்தமாக வரவில்லை, பாதி இ ஒட்டிக்கொண்டுதான் வந்தது. ஆனால் எது கூடுதல் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. நாம் நூறு தடவை 'தப்பு, தப்பு' என்று சொல்லியும் வராத தெளிவு அது.

இப்படி நான்கைந்து நாள் காதையும் வாயையும் மட்டும் பழக்குங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

இரண்டாம் படி: சொல்லின் கடைசியிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலான பயிற்சி ஏடுகள் சொல்லின் தொடக்கத்தில் வரும் கூட்டொலியை முதலில் வைத்திருக்கும். நம் பிள்ளைகளுக்கு நான் அதைத் தலைகீழாக்கிவிடுகிறேன். சொல்லின் நடுவில் மெய்கள் சேர்ந்து வருவது தமிழ் வாய்க்குப் புதிதல்ல, நம் இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்ற பெயரே அதற்கு உண்டு. மார்த்தாண்டம் என்ற ஊர்ப்பெயரை மூன்று வயதுப் பிள்ளைகூடச் சொல்கிறது. ர், த், த் என்று மூன்று மெய் அதில் வரிசையாக நிற்கின்றன. தெரிந்த இடத்திலிருந்து கிளம்பினால் பயம் இருக்காது.

முதல் சொல் 'ஹேண்ட்'. அதற்கு முன் பிள்ளையை 'நண்டு' சொல்லச் சொல்லுங்கள். பிறகு கடைசி உ-வை விழுங்கிவிட்டு 'நண்ட்' என்று சொல்லச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நண்ட், ஹேண்ட், சேண்ட். வந்துவிட்டது.

அந்த உ-தான் இங்கே தொல்லை. க், ச், ட், த், ப், ற் என்ற ஆறு வல்லின மெய்யிலும் தமிழ்ச் சொல் முடிவதில்லை. பாட்டு, தேக்கு, பாம்பு என்று ஓர் உ வந்து தாங்கிக்கொள்ளும். அதே பழக்கத்தில்தான் பல்பு, டெஸ்க்கு, மில்க்கு எல்லாம் வருகின்றன. கடைசி ஒலியை மட்டும் காதில் ரகசியம் சொல்வதுபோல் சொல்லச் சொல்லுங்கள். ரகசியக் குரலில் உ ஏறாது.

'லாம்ப்', 'ஜம்ப்' சொற்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தமிழில் மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் குழைந்து ஒலிக்கும். 'பல்' என்பதில் வரும் ப வேறு, 'தம்பி' என்பதில் வரும் ப வேறு. ஜம்ப்புக்கு வேண்டியது பல்லில் வரும் ப. பிள்ளை வாயில் வருவது தம்பியில் வரும் ப. இரண்டு தமிழ்ச் சொற்களையும் மாறி மாறிச் சொல்ல வைத்துவிட்டு, "பல்லில் வரும் ப-வைக் கடைசியில் வை" என்றால் பிடித்துக்கொள்வார்கள். நெஸ்ட், டெஸ்க், மில்க், கிஃப்ட் எல்லாம் இதற்குப் பிறகு அதிகச் சிரமமில்லாமல் வந்துவிடும்.

மூன்றாம் படி: முன்னால் வரும் ஸ்

இப்போது எழுத்துக்கு வருவோம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை நீளவாக்கில் வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் 'ஸ்லிப்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிதாக எழுதுங்கள். முதலெழுத்தான எஸ்-ஐக் கட்டைவிரலால் மூடிக் காட்டினால் பிள்ளை 'லிப்' என்று வாசிக்கும். விரலை எடுத்துவிட்டு, சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குவதுபோல் 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்து, அந்த மூச்சு அறுபடாமல் 'லிப்' மேல் ஏற வேண்டும். 'ஸ்ஸ்ஸ்லிப்'.

வரிசை முக்கியம். லிப்–ஸ்லிப், நேப்–ஸ்னேப், விங்–ஸ்விங் ஆகியவை முதலில். இவற்றில் இரண்டாவது ஒலியையும் இழுக்க முடியும் என்பதால் இரண்டும் வழுக்கிக்கொண்டு சேரும். டாப்–ஸ்டாப், பாட்–ஸ்பாட், கின்–ஸ்கின் அடுத்த வாரம். வாரத்துக்கு இரண்டு கூட்டொலிக்கு மேல் நான் போவதில்லை.

முன்னால் இ ஒட்டிக்கொண்டே இருந்தால், இரண்டு விரலைத் தொண்டைமேல் வைக்கச் சொல்லுங்கள். இ சொன்னால் விரலில் அதிர்வு தெரியும். ஸ் சொன்னால் அதிர்வே இருக்காது. "தொண்டை அமைதியா இருக்கும்போது கிளம்பு மக்ளே" என்பேன். சில பிள்ளைகளுக்குச் சிப்பியைவிட இதுதான் சட்டென்று பிடிபடுகிறது.

நான்காம் படி: ல், ர் சேரும் சொற்கள்

இங்கே இ நடுவில் வந்து உட்காரும். பிளாக், கிளாப், பிரெட். இது வெறும் உச்சரிப்பு அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, பொருளே மாறிவிடும் இடங்கள் உண்டு. 'ப்ளோ' என்றால் ஊது, 'பிலோ' என்றால் கீழே.

முதலில் 'ஃப்ளாக்', 'ஃப்ளாட்' எடுங்கள். ஃப் ஒலியை ஸ் போலவே இழுக்கலாம். அப்புறம் 'ப்ளாக்'. இதற்கு ஒரு வழி இருக்கிறது. உதட்டை மூடும்போதே நாக்கு நுனியை ல் சொல்லும் இடத்தில், அதாவது மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். உதடு திறக்கும்போது ல் தயாராக இருக்கும், இ நுழைய இடமே இருக்காது. கண்ணாடி முன் நின்று நீங்களும் சேர்ந்து செய்து காட்டுங்கள்.

குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்தில் மலையாளம் பேசும் பாட்டி இருக்கும் வீட்டுப் பிள்ளை என்றால் உங்கள் வேலை பாதி குறைந்தது. மலையாளத்தில் புறா 'ப்ராவு', சக்கை, அதாவது பலா, காய்க்கும் மரம் 'ப்ளாவு'. வராந்தாவுக்கு வரும் ஒரு பையனுக்கு 'ப்ளஸ்' வரவே இல்லை. "உங்க பாட்டி சக்கை மரத்தை என்னன்னு சொல்லுவா?" என்று கேட்டேன். "ப்ளாவு" என்றான். "அதே மாதிரி ப்ளஸ்" என்றேன். உடனே வந்தது. தன் வாயில் ஏற்கெனவே இருந்த ஒலி அது என்று தெரிந்ததும் அவன் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் மறக்கவில்லை.

ஒன்றைத் தயவுசெய்து செய்யாதீர்கள்

ஆங்கிலச் சொல்லின் மேல் பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதிக் கொடுக்காதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம், தெரியும். ஆனால் பிள்ளையின் கண் உடனே தமிழுக்குத் தாவிவிடும், ஆங்கில எழுத்தைப் பார்க்கவே பார்க்காது. அதோடு 'ப்ளாக்' என்று ள் போட்டு எழுதுவது நம் பழக்கம். உண்மையில் அதில் நாக்கு மடங்குவதில்லை, வருவது ல்-தான். இந்தப் பதிவில் எழுதியிருப்பதெல்லாம் உங்களுக்காக. பிள்ளைக்கு ஆங்கில எழுத்தையும் உங்கள் வாயையும் மட்டும் காட்டுங்கள்.

வாசிக்கிறதா, மனப்பாடமா?

இதைத் தெரிந்துகொள்ள அர்த்தமே இல்லாத சொற்களை எழுதிக் காட்டுங்கள். ஸ்னிம், ஸ்மெக், ஃப்லெப். எங்கேயும் கேட்டிராத சொல்லை வாசித்துவிட்டால் பிள்ளை எழுத்தைத்தான் பார்க்கிறது என்று நம்பலாம். அப்புறம் சொல்வதை எழுதச் சொல்லுங்கள். 'ஸ்டாப்' எழுதும்போது நடுவில் டி விட்டுப்போவது சகஜம். பழைய கட்டங்களைத் திரும்பப் போட்டு, சிப்பிக்குப் பதில் ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தை எழுத வையுங்கள். இத்தனை பழகியும் ஒலிகள் காதில் பிரிந்து விழவில்லை என்றால் காது மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

மூன்று மெய் சேரும் சொற்களைக் கடைசியாக எடுங்கள். அதற்கு நான் வைத்திருக்கும் வரிசை 'ரிப்', 'ட்ரிப்', 'ஸ்ட்ரிப்'. முதலில் மூன்று சிப்பி. முன்னால் ஒன்று வைத்தால் நான்கு. இன்னொன்று வைத்தால் ஐந்து. ஒவ்வொரு சிப்பி ஏறும்போதும் முழுச் சொல்லையும் பிள்ளை சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இறங்கி வர வேண்டும். ஐந்தாவது சிப்பியில் தடுமாறினால், "மார்த்தாண்டம் சொல்லு மக்ளே" என்று சொல்லிவிட்டு மறுபடி மூன்றாவது சிப்பியிலிருந்து ஏற விடுங்கள்.