புதிய கார் கிளம்ப அடம்பிடிக்கிறதா? பேட்டரி வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு ரகக் கார் உண்டு. வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருக்கும். இருக்கையின் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிந்திருக்காது. உரியவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். முன்னோருக்கான படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்து ஷெட்டைத் திறந்து பட்டனை அழுத்தினால் 'டக டக' என்ற ஓசை மட்டும் வரும். எங்கள் வீட்டுக் காரும் அந்த ரகம்தான். பழுது பார்க்கும் இடத்தில் ஒரே வார்த்தை: "பேட்டரி போய்விட்டது, மாற்றிவிடலாம்." பேட்டரி போகவில்லை. வேறு ஏதோ அதைக் குடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்த வழி இதோ.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'டக டக' என்று அடுக்கடுக்காகக் கேட்டால் பேட்டரியில் தெம்பு இல்லை. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் டெர்மினல் (பேட்டரியில் கேபிள் மாட்டும் முனை) தளர்ந்திருக்கலாம், அல்லது ஸ்டார்ட்டர் மோட்டாரில் கோளாறு. மோட்டார் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு அல்ல. பானெட்டைத் திறந்து எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்ப் பழைய வீடுகளில் எலிக்குத்தான் முதல் மரியாதை.

அடுத்தது மல்டிமீட்டர், அதாவது வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் கருவி. 10 ஆம்பியர் துளை உள்ள சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். ஒயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் விலை குறைந்த கிளாம்ப் மீட்டரை நம்ப வேண்டாம். மில்லி ஆம்பியர் அளவில் அது சொல்வதெல்லாம் குத்துமதிப்பு. காரை இரவு முழுக்க நிறுத்தி வைத்துக் காலையில் வோல்ட் பாருங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ். 12.4 பரவாயில்லை. 12.0 என்றால் ஏறக்குறைய காலி. காரைக் கிளப்பும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கிறது; முழு சார்ஜ் ஏற்றிய பிறகும் அப்படியே இறங்கினால்தான் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில். (உலோக அரிப்பையும் பேட்டரியையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியிலேயே இயங்குகிறது. அந்த ஊரிலேயே டெர்மினல் பூத்துக் கிடப்பது கொஞ்சம் வெட்கம்தான்.)

இப்போது முக்கியமான கட்டம்: நிறுத்தி வைத்த காரில் மின்சாரம் எங்கே கசிகிறது? நெகடிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரின் ஒரு முனையை கேபிளிலும் மறுமுனையை பேட்டரியின் நெகடிவ் முனையிலும் வைத்து ஆம்பியர் பார்க்க வேண்டும். மீட்டர் மாட்டியிருக்கும்போது யாரும் காரைக் கிளப்பிவிடக் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும். இந்தக் கட்டம் என் ஒரு பிற்பகலை முழுதாக விழுங்கியது. மீட்டர் ஆம்பியர் கணக்கில் காட்டும், கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். காரணம், காருக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கணினிகள் தூங்கவில்லை. அவை தூங்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பானெட் திறந்திருப்பது தெரிந்தால் சில கார்கள் தூங்கவே தூங்காது. ஸ்க்ரூடிரைவரால் பானெட் பூட்டின் கொக்கியை அழுத்தி, மூடியிருப்பதாக நம்ப வைக்க வேண்டும். முடிந்ததும் கொக்கியை விடுவித்த பிறகே பானெட்டை மூடுங்கள். சாவி பக்கத்தில் இருந்தாலும் சில கார்கள் விழித்துக்கொள்ளும். எங்கள் சாவி ஷெட்டை ஒட்டிய சுவரின் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது! அதை வீட்டின் இரண்டாம் கட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் எண் அடங்கியது.

அடங்கிய எண் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. எங்களுடையது 100-ஐ ஒட்டி நின்றது. கணக்குப் போடுங்கள்: ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரத்தில் துடைத்த மாதிரி ஆகிவிடும். ஒழுங்கான காரே 30 மில்லி ஆம்பியர் எடுத்தாலும் ஒன்றரை மாதத்தில் அதே கதிதான். இந்தக் கணக்கைப் பார்க்காமல் புது பேட்டரி வாங்கினால் அதுவும் இரண்டு வாரத்தில் படுக்கும்.

ஆளைக் கண்டுபிடிக்க ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திரும்பச் செருகும்போது கார் மறுபடி விழித்துக்கொள்கிறது. ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட் அளவில் வையுங்கள். பூஜ்ஜியம் என்றால் அதில் மின்சாரம் ஓடவில்லை. எண் காட்டினால் அந்த வழியில்தான் ஓட்டம். எங்கள் காரில் அது துணைப்பொருள் கடையில் மாட்டிய டேஷ் கேமராவில் போய் முடிந்தது. நிறுத்திய பின்னும் படம் பிடிக்கும்படி நேரடி மின்சாரம் கொடுத்திருந்தார்கள். சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் ஃபியூஸுக்கு மாற்றியதும் தீர்ந்தது.

பின்சேர்க்கை: தேவகோட்டை நண்பர் ஒருவர் கேட்டார், "அண்ணே, ஊருக்குப் போகும்போது நெகடிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டால் போதாதா?" போதும். கடிகாரத்தையும் சில கார்களில் கண்ணாடி ஏற்றி இறக்கும் அமைப்பையும் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஷெட்டில் மின் இணைப்பு இருந்தால் சார்ஜ் நிறைந்ததும் தானே நின்றுகொள்ளும் சார்ஜர் இன்னும் நல்லது. சிக்னலில் தானாக நின்று கிளம்பும் வகைக் கார் என்றால் அதற்கு ஏற்ற பேட்டரிதானா, சார்ஜர் அதற்கு ஒத்துவருமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிளைக் கழற்றும் முன் இன்னொன்று: சார்ஜரை டிக்கியில் வைக்காதீர்கள். பல கார்களில் டிக்கி மின்சாரத்தில்தான் திறக்கும். நண்பர் பின்னிருக்கையை மடித்துத் தவழ்ந்து போய்த்தான் எடுத்தார்.