மடிக்கணினியின் உறுதி: திருகோணமலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் படிப்புக்கோ தொழிலுக்கோ மடிக்கணினி வாங்குவோர் பலர், 'மில்-எஸ்டிடி-810எச்' என்ற முத்திரையைக் கண்டதும், நீர், வீழ்ச்சி, வெப்பம் ஆகிய மூன்றையும் அது தாங்கும் என நம்பிவிடுகின்றனர். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 2019 இல் வெளியிட்ட அந்த நியமம் பல சோதனை முறைகளின் தொகுப்பே. அவற்றுள் எவற்றைச் செய்வதென உற்பத்தியாளரே தெரிவுசெய்யலாம். எவ்வளவு உயரத்திலிருந்து, எத்தகைய தளத்தின்மீது விழவிட்டுச் சோதித்தனர் என்று விவரக்குறிப்பில் தேடுங்கள். மேசை உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கினால் அன்றாடப் பாவனைக்குப் போதும் என்பதே என் கருத்து.

அதைவிட, திரவம் சிந்தினாலும் தாங்கும் விசைப்பலகைக்கே நான் முன்னுரிமை கொடுப்பேன். ஆனால் அது கணினியை அணைப்பதற்கு அவகாசம் தருமே தவிர, பக்கத் துளைகளாலும் காற்றுத் துவாரங்களாலும் நுழையும் நீரைத் தடுக்காது. தேநீர் கொட்டியதும் 'வேலை செய்கிறதா' என்று இயக்கிப் பார்ப்பதுதான் மிகப் பெரிய தவறு, ஏனெனில் ஈரத்தில் மின் பாயும்போதே சுற்றுப்பலகை சிதைகிறது. உடனே சார்ஜரைக் கழற்றி, மின்பொத்தானை நீண்டநேரம் அழுத்தி அணைத்து, திறந்தவாறே கவிழ்த்து வையுங்கள். அரிசிக்குள் புதைப்பதும் சூடான காற்றை ஊதுவதும் பயன் தராது. சீனி கலந்த தேநீரும் கடல்நீரும் காய்ந்த பின்னும் படிவை விட்டுச் செல்வதால், திருத்துநரிடம் கொடுத்துத் திறந்து துப்புரவாக்க வேண்டும். திரவத்தால் ஏற்படும் சேதத்தைச் சாதாரண உத்தரவாதம் பெரும்பாலும் ஏற்பதில்லை.

பெரும்பாலான மடிக்கணினிகள் 35 பாகை செல்சியஸ் வரையான சூழலுக்கே வடிவமைக்கப்பட்டவை. கச்சான் எனும் வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில் நம் ஊர் அந்த எல்லையைத் தாண்டும் நாள்கள் உண்டு. அந்நாள்களில் மெத்தைமீது வைத்து அடிப்பக்கத் துவாரங்களை அடைப்பதும், நிலாவெளிக் கடற்கரையில் வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுச் செல்வதும் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். கடலை நோக்கிய யன்னலருகே நாள் முழுவதும் இயக்குவதும் தவறே. மின்விசிறி உப்பு ஈரக்காற்றை உள்ளே இழுப்பதால் உலோகப் பகுதிகள் அரிக்கப்படும்.

திரையின் மூலையைப் பிடித்துத் தூக்குவதும், சார்ஜர் வடத்தை நடைபாதைக்குக் குறுக்கே விடுவதும் பல வீழ்ச்சிகளுக்கும் விரிசல்களுக்கும் காரணம். தொடுபலகை மேலெழுந்தாலோ அடிப்பகுதி புடைத்தாலோ மின்கலம் வீங்கியிருக்கலாம். அதை அழுத்தவோ துளைக்கவோ மீண்டும் மின்னேற்றவோ வேண்டாம், கணினியை அணைத்து உடனே திருத்துநரிடம் ஒப்படையுங்கள்.