பெண் பிள்ளைகளை ஹாக்கியில் தொடங்கி வைப்பது எப்படி: முதல் மூன்று மாதங்களுக்கான செய்முறை

நெல்லைச் சீமையில் ஹாக்கி என்றதும் கோவில்பட்டியின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும் வரை திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்த ஊர் அது. இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேலின் ஊரும் அதுவே. ஆயினும் நான் பார்த்த திடல்களில் மாலையில் மட்டையோடு நிற்பவர்களுள் ஆண் பிள்ளைகளே மிகுதி. பெண் பிள்ளைகளுக்கு ஆசை இல்லை என்பதன்று காரணம். சேர்ந்த பிள்ளைகளும் இரண்டு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். அப்படி நின்றவர்களில் ஆட்டம் கடினமாக இருக்கிறது என்று சொல்லி நின்றவர்களை நான் அதிகம் கண்டதில்லை. ஆகவே இந்தச் செய்முறை மட்டையிலிருந்து தொடங்கவில்லை.

முதல் படி: ஒருத்தியைத் தனியாகச் சேர்க்காதீர்கள்

ஒரே தெருவிலிருந்தோ ஒரே வகுப்பிலிருந்தோ நான்கு பிள்ளைகளையாவது ஒன்றாகச் சேருங்கள். பத்துப் பதினோரு வயது தொடங்குவதற்கு நல்ல வயது. நால்வர் சேர்ந்து வந்தால் சேர்ந்து வீடு திரும்புவார்கள். ஒருத்திக்கு மனம் தளர்ந்தால் மற்ற மூவர் அவள் வாசலில் போய் நின்று கூப்பிடுவார்கள். எந்தப் பயிற்சியாளராலும் இந்த வேலையைச் செய்ய முடியாது.

இரண்டாம் படி: வீட்டையும் திடலையும் சரிசெய்யுங்கள்

பிள்ளையின் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசுங்கள். அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிடக் கூடாது. திண்ணையில் இருக்கும் ஆச்சியிடமும் பேச வேண்டும். “பொம்பளப் பிள்ளைல்லா, வெயில்ல நின்னு கறுத்துப் போவாளே” என்று முதல் மறுப்பு அவரிடமிருந்துதான் வரும். அதற்கு வாதம் செய்வதைவிட, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய மகளிர் ஹாக்கி அணி ஆடிய கால் இறுதியைக் கைப்பேசியில் போட்டுக் காட்டுவது நல்லது. எதிரணி கோல் அருகே செய்யும் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரில் குர்ஜித் கவுர் அடித்த ஒரே கோலும், கோல் வாசலில் சவிதா தடுத்த பந்துகளும் சேர்ந்து ஆஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்தியதைப் பார்த்த பிறகு பேச்சின் போக்கே மாறிவிடுவதைக் கண்டிருக்கிறேன். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு என்பதைக் கேட்டால் சொல்லுங்கள்; ஆனால் வேலை கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது உயர்ந்த நிலைப் போட்டிகளில் சாதித்தவர்களுக்கு உரியது.

திடலில் பார்க்க வேண்டியவை இரண்டு. கழிப்பறை திறந்திருக்க வேண்டும். அதில் தண்ணீரும், மூடியுள்ள குப்பைத்தொட்டியும், உள்தாழ்ப்பாளும் இருக்க வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது நேரம்: நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுவதால், பயிற்சியை ஐந்தே காலுக்குள் முடித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: மட்டையும் காப்புகளும்

அண்ணனின் பழைய மட்டையைக் கொடுத்தனுப்புவது நம் வீடுகளில் வழக்கம். பெரியவர்களுக்கான முப்பத்தாறரை அங்குல மட்டையோடு ஒரு சிறுமி குனிவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கைப்பிடியின் நுனி வயிற்றில் குத்தும். குத்துவதால் அவள் நிமிர்ந்து நிற்பாள். நிமிர்ந்து நிற்பதால் பந்து மட்டைக்கு அடியில் புகுந்து போகும். அவளுக்கு ஆட வரவில்லை என்று எல்லாரும் முடிவு செய்துவிடுவார்கள். மட்டையை அவள் பக்கத்தில் நிறுத்தினால் அது இடுப்பெலும்பு அளவுக்கு இருக்க வேண்டும்; பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் முப்பத்திரண்டிலிருந்து முப்பத்து நான்கு அங்குலம் சரியாக வரும். நீள மட்டையை அறுத்துக் குறைக்க வேண்டாம், அதன் எடைச் சமநிலை கெட்டுப்போகும்.

முழங்காலுக்குக் கீழே முன்காலைக் காக்கும் ஷின் கார்டு இல்லாமல் ஒரு நாளும் ஆட விடாதீர்கள். ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து. கோடையில் வெடிப்பு விட்ட கரிசல் தரையில் அது எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் பயிற்சி தரத் தொடங்கிய ஆண்டில், அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து ஒரு பிள்ளையை ஷின் கார்டு இல்லாமல் ஆடவிட்டேன். கணுக்காலுக்கு மேல் பந்து பட்டு வீங்கிப் போயிற்று. வீக்கம் வடிந்த பிறகும் அவள் வீட்டார் அவளை அனுப்பவில்லை. அது என் தவறு. பல்லுக்கு மவுத் கார்டும் வாங்கிவிடுங்கள். உடைக்குக் கருநீல டிராக் பேன்ட்டும் தளர்ந்த பனியனும் போதும்.

நான்காம் படி: கைப்பிடி, தள்ளல், நிறுத்தல்

மட்டையின் இடப்பக்கம் தட்டையாகவும் வலப்பக்கம் உருண்டையாகவும் இருக்கும். தட்டைப் பக்கத்தால் மட்டுமே பந்தை ஆட வேண்டும். உருண்டைப் பக்கம் பட்டாலும், பந்து காலில் பட்டாலும் தவறாகும். இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கென்று தனி மட்டை ஆட்டத்தில் கிடையாது. அதற்காக அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை, ஏனென்றால் எல்லாருக்குமே இடக்கைதான் மேலே இருந்து வேலை செய்கிறது.

இடக்கை கைப்பிடியின் உச்சியை இறுகப் பற்ற வேண்டும். பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல் மட்டையைத் திருப்புவது அந்தக் கைதான். வலக்கை கீழே, மணிக்கட்டில் கிடக்கும் வளையலைப்போல், மட்டை உள்ளே சுழல இடம் கொடுத்துத் தளர்ந்திருக்க வேண்டும். பந்தை வைக்காமல், நின்ற இடத்திலேயே மட்டையை இப்பக்கமும் அப்பக்கமும் ஐம்பது முறை திருப்பச் சொல்லுங்கள். வலக்கையும் சேர்ந்து முறுக்கினால் நிறுத்தி மறுபடியும் தொடங்கச் செய்யுங்கள். முதல் வாரம் முழுவதும் இது ஒன்றே போதும். சலிப்புத் தட்டினால் டென்னிஸ் பந்தைக் கொடுத்து உருட்டவிடலாம்.

அடுத்தது புஷ் என்னும் தள்ளல். இடத்தோள் இலக்கை நோக்கியிருக்க, முழங்கால் மடிந்திருக்க, பந்தை மட்டை தொட்டபடியே இருக்கும் நிலையில் உடல் எடையை வலக்காலிலிருந்து இடக்காலுக்கு மாற்றிப் பந்தைத் தள்ள வேண்டும். ‘டக்’ என்று சத்தம் கேட்டால் அது அடி, தள்ளல் அன்று. ஐந்து மீட்டர் தொலைவில் இரண்டு செருப்புகளை ஒரு மட்டை நீள இடைவெளியில் வைத்து, நடுவே பந்து போகிறதா என்று பாருங்கள். ஓங்கி அடிக்க எல்லாருக்கும் ஆசையாக இருக்கும். மூன்றாவது மாதம் வரை அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஓங்கிய மட்டை பக்கத்தில் நிற்பவளின் முகத்தில் படும்.

நிறுத்தும்போது கைப்பிடி பந்துக்கு முன்னே சாய்ந்திருந்தால் பந்து மட்டைக்கு அடியில் அடங்கும். பின்னே சாய்ந்திருந்தால் ஏறித் துள்ளும். புதியவர்கள் எல்லாரும் பந்தையே பார்த்துக்கொண்டு ஓடுவார்கள். “ஏளா, தலையை நிமித்திப் பாரு” என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: சிறிய ஆட்டம்

முழு ஆட்டத்துக்கு அணிக்குப் பதினொருவர் வேண்டும், திடலும் 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் உடையது. தொடக்கத்தில் அதில் கால்வாசிப் பரப்பில் நால்வருக்கு நால்வர் ஆடட்டும், அப்போதுதான் எல்லாருக்கும் பந்து கிடைக்கும். கோல் வாசலுக்கு முன்னுள்ள 14.63 மீட்டர் வட்டத்துக்குள் ஆடிய பந்துதான் கோலாகும் என்பதைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். மற்ற விதிகளை ஆட்டத்தின் ஊடே ஒவ்வொன்றாகச் சொன்னால் போதும்.

சடங்குக்குப் பிறகு

முதல் இரண்டு மாதத்தைத் தாண்டிய பிள்ளைகளில் பெரும்பாலோர் நம் பக்கத்தில் நின்றுபோவது இந்த இடத்தில்தான். சடங்கு வீட்டுக்கு மற்றப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பயிற்சிக்கு அவள் எந்தக் கிழமையிலிருந்து வருவாள் என்று அன்றே அவள் அம்மாவிடம் கேட்டு வாருங்கள். நாள்பட நாள்பட அந்தக் கேள்வி கேட்கவே முடியாததாகிவிடும். மாதவிடாய் நாள்களில் ஆடுவதா, உட்கார்ந்து பார்ப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். காரணம் கேட்காதீர்கள்.

மூன்று மாதம் நிறைந்ததும், பதினான்கு வயதுக்குட்பட்டோர் பள்ளிப் போட்டிக்குப் போகும் முன், ஒரு முறையாவது கோவில்பட்டி செயற்கைப் புல்தரைத் திடலுக்கு அனுமதி பெற்று அழைத்துச் செல்லுங்கள். மண்ணில் ஆடிய பிள்ளைகளுக்கு அங்கே பந்து போகும் வேகம் திகைப்பாக இருக்கும்; போட்டி நாளில் திகைப்பதைவிட முன்பே திகைத்துவிடுவது நல்லது. தரையில் தண்ணீர் தெளித்திருக்கலாம் என்பதால் மாற்றுக் காலுறை எடுத்து வரச் சொல்லுங்கள். நீர்மோரை மட்டும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். கடலை மிட்டாயை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.